கட்டுவிரியன் கடித்தால் இமை சரிகிறது, பூச்சிமருந்தில் தசை துடிக்கிறது: இரண்டும் ஒரே இடத்திலா?

விலங்கியல்_தக்கலை

பிளஸ் ஒன் விலங்கியலில் நரம்புப் பாடம் நடக்கிறது. ஓய்வுநிலை மின்னழுத்தம், செயல் மின்னழுத்தம், சினாப்ஸ் (நரம்பு முனை அடுத்த செல்லைச் சந்திக்கும் இடம்) எல்லாம் படம் போட்டுச் சொல்லியாயிற்று. பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குத்தான் புத்தகத்தில் பதில் இல்லை. பாதிப் பேர் வீட்டில் ரப்பர் பால்வெட்டு, இல்லையென்றால் வாழை. பாம்பும் பூச்சிமருந்தும் அவர்களுக்குப் பரீட்சைக்கான விஷயம் மட்டும் அல்ல, அதனால் மழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் எண்களோடு விளக்கினால் நல்லது.

1. நரம்பின் ஒவ்வொரு துடிப்பிலும் (செயல் மின்னழுத்தம்) சோடியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. அப்படியானால் நூறு துடிப்பு போனதும் உள்ளும் வெளியும் சமமாகிவிடாதா?

2. செலோபேன் தாளால் பிரித்து, ஒரு பக்கம் அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல், மறுபக்கம் பத்தில் ஒரு பங்காக நீர்த்தது. மல்ட்டிமீட்டர் வைத்தால் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. செறிவு வேறுபாடுதானே மின்னழுத்தம் தருகிறது?

3. கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை சரிந்து, உடம்பு தளர்ந்து, மூச்சு நிற்கிறது. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவருக்கு எச்சில் வழிகிறது, தசை துடிக்கிறது, அவருக்கும் கடைசியில் மூச்சு நிற்கிறது. இரண்டுக்கும் நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் ரசாயனமான அசிட்டைல்கோலின்தான் காரணம் என்கிறார்கள். எதிரும் புதிருமான இரண்டு எப்படி ஒரே பொருளால் வரும்?

4. தவளை அறுப்பது இப்போது கிடையாது. ஆஸிலோஸ்கோப்பும் கிடையாது. 35 பிள்ளைகள், ஒரு ஸ்டாப்வாட்ச். நரம்பின் வேகத்தை அளக்க ஏதாவது வழி?


குளச்சல்_உயிரியற்பியல்

டீச்சர், முதல் கேள்வி கேட்ட பிள்ளையிடம் ஒரு கணக்கைக் கொடுங்கள். பதில் அதிலேயே வந்துவிடும்.

செல் சவ்வு ஒரு மின்தேக்கி. நடுவில் கொழுப்பு அடுக்கு, இருபுறமும் உப்புநீர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட். துடிப்பின்போது −70 மில்லிவோல்ட்டிலிருந்து +30 வரை, மொத்தம் 100 மில்லிவோல்ட் மாற வேண்டும். மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தால் பெருக்கினால் ஒரு கூலும்பில் கோடியில் ஒரு பங்கு. அதை ஃபாரடே எண் 96,500ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1 பிகோமோல். இவ்வளவு சோடியம் உள்ளே வந்தாலே போதும்.

இனி இழைக்குள் எவ்வளவு இருப்பு என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கணவாய் நரம்பிழையில் ஒரு துடிப்புக்கு நகர்வது, உள்ளே இருக்கும் பொட்டாசியத்தில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. நம் தோலில் வலி சொல்லும் 1 மைக்ரோமீட்டர் இழையில் 3,500இல் ஒரு பங்கு. சோடியம் வருவதும் பொட்டாசியம் போவதும் சிறிது நேரம் சேர்ந்தே நடப்பதால் உண்மையில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு நகரும். அப்போதும் பருமனான இழை பல்லாயிரம் துடிப்பைத் தாங்கும். மெல்லிய இழைதான் சில நூறிலேயே, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பை நாட வேண்டியிருக்கும். ஆக, பிள்ளை சந்தேகப்பட்டது தவறு அல்ல. எந்த இழை என்பதைப் பொறுத்தது.

இதை ஒட்டி விடைத்தாளில் வருஷந்தோறும் வரும் தவறு ஒன்று உண்டு. "சோடியம்-பொட்டாசியம் பம்பு வேலை செய்து மின்னழுத்தத்தை மீண்டும் −70க்குக் கொண்டுவருகிறது" என்று எழுதுகிறார்கள். கொண்டுவருவது பம்பு அல்ல, பொட்டாசியம் கால்வாய் (சவ்வில் பொட்டாசியம் போகும் வழி). பம்பு ஒரு ஏடிபிக்கு (செல்லின் எரிபொருள் மூலக்கூறு) 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும், ஆனால் ஒரு மில்லிநொடியில் நடக்கும் காரியத்துக்கு அது மிக மெதுவு. கணவாய் நரம்பில் பம்பை விஷம் வைத்து நிறுத்திய பிறகும் துடிப்பு தொடர்ந்து போனதை 1950களிலேயே காட்டியிருக்கிறார்கள். தொட்டியை நிரப்பி வைப்பது பம்பு, குழாயைத் திறந்து மூடுவது கால்வாய். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் மீதிப் பாடம் தானாக விளங்கும்.

ஓய்வில் ஏன் −70? மனித நரம்பில் பொட்டாசியம் உள்ளே 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 15, வெளியே 145. 37 டிகிரியில் ஒரு அயனியின் சமநிலை மின்னழுத்தம் 61.5 × லாக் (வெளிச்செறிவு ÷ உட்செறிவு). பொட்டாசியத்துக்கு −95, சோடியத்துக்கு +61 வரும். ஓய்வில் திறந்திருப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் கசிவுக் கால்வாய்கள், அதனால் சவ்வு −95 பக்கம் சாய்கிறது. கொஞ்சம் சோடியமும் கசிவதால் −70இல் நிற்கிறது. துடிப்பு என்றால் இந்தச் சாய்வு சட்டென்று சோடியத்தின் பக்கம் மாறி, திரும்ப வருவது. −55ஐத் தாண்டியதும் சோடியம் கால்வாய் சில திறக்கும், உள்ளே வந்த சோடியம் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றும், அது இன்னும் பல கால்வாய்களைத் திறக்கும். ஒரு மில்லிநொடிக்குள் அதே கால்வாய்கள் உள்பக்கம் இருக்கும் அடைப்பால் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய் அந்த நேரத்தில் முழுதாகத் திறந்து பழைய நிலைக்கு இறக்குகிறது.

அந்த அடைப்பை நன்றாக அழுத்திச் சொல்லுங்கள். சவ்வு மீண்டும் −70 பக்கம் இறங்கினால்தான் அடைப்பு விலகும். துடிப்பு பின்னோக்கிப் போகாததும், அடுத்தடுத்த துடிப்புக்கு நடுவே ஓய்வு வேண்டியிருப்பதும் இதனால்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

வீட்டு உதாரணம் வேண்டுமென்றால் இளநீர். 100 மில்லியில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் கெட்டவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 4இலிருந்து 8 ஆனால், அதே சூத்திரத்தில் −95 என்பது −76 ஆகிறது. சவ்வு எப்போதும் பாதி ஏறிய நிலையிலேயே நிற்க, சோடியம் கால்வாய்களில் பல அடைப்பு விலகாமல் கிடக்கும். முதலில் அடிவாங்குவது இதயம். "இளநீர், வாழைப்பழம் வேண்டாம்" என்று டயாலிசிஸ் நோயாளிகளிடம் சொல்வதன் காரணம் இந்த ஒரு லாக் கணக்கு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செலோபேன் பொட்டாசியத்தையும் விடும், குளோரைடையும் விடும். இரண்டும் தண்ணீரில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுபவை. பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தே நகர்ந்தால் மின்னழுத்தம் எங்கிருந்து வரும்? உப்புப் பாலத்துக்குப் பொட்டாசியம் குளோரைடைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். மின்னழுத்தத்துக்குச் செறிவு வேறுபாடு மட்டும் போதாது, ஒரு அயனியை விட்டு மற்றதைத் தடுக்கும் சவ்வு வேண்டும். உங்கள் மீட்டர் காட்டிய பூஜ்யத்தை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.


விலங்கியல்_தக்கலை

மிக்க நன்றி சாறே. பம்பு பற்றி நானும் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருந்தேன், திருத்திவிடுகிறேன். இன்னொன்று: வெள்ளிக் கம்பிக்குக் குளோரைடு பூசி வைத்தால் ஐம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் வருகிறது என்று எங்கள் இயற்பியல் சாறு சொல்கிறார். அது சரியான செய்முறையா?


குளச்சல்_உயிரியற்பியல்

அந்த எண் வரும், ஆனால் செலோபேனால் வருவது அல்ல. வெள்ளி-வெள்ளிக் குளோரைடு கம்பி தானே குளோரைடு செறிவை உணரும் மின்முனை. பத்து மடங்கு வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 55 மில்லிவோல்ட் கம்பியிலேயே பிறக்கும். செலோபேனை எடுத்துவிட்டு உப்புப் பாலம் வைத்தாலும் அதே எண் வரும். பாடப்புத்தக எண்ணோடு பொருந்துவதால் சரிபோலத் தோன்றும், பிள்ளைகள் தவறான காரணத்தை நம்பிவிடுவார்கள். செம்புக் கம்பியும் இதேபோல் கரைசலுக்கு ஏற்பத் தன் கணக்கைச் சேர்க்கும். சரியாகச் செய்ய நேர் அயனியை மட்டும் விடும் பரிமாற்றச் சவ்வு வேண்டும். கம்பிகளை நேரே கரைசலில் விடாமல், இருபுறமும் ஒரே செறிவுள்ள பொட்டாசியம் குளோரைடு அகர் பாலம் வழியாகத் தொட வேண்டும். அந்தச் சவ்வு இல்லாவிட்டால் பூஜ்யம் காட்டும் செய்முறையே மேல்.


ஆசாரிபள்ளம்_மருந்தியல்

மூன்றாவது கேள்வி. நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே நடப்பதைப் படிப்படியாக வைத்துக்கொண்டு, எது எந்தப் படியில் கை வைக்கிறது என்று பாருங்கள்.

துடிப்பு முனைக்கு வந்ததும் கால்சியம் கால்வாய் திறக்கிறது. வெளியே கட்டற்ற கால்சியம் சுமார் 1.2 மில்லிமோல், உள்ளே 0.0001. பத்தாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால், கொஞ்சம் நுழைந்தாலே உள்ளே பெரிய மாற்றம். சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும் பைகள் உடனே வாய் திறக்கின்றன. ஒரு பையில் 5,000 முதல் 10,000 அசிட்டைல்கோலின் மூலக்கூறு. பை பையாகத்தான் வெளியேறும், அரைப் பை என்பது கிடையாது. இதை 1950களில் பெர்னார்ட் கட்ஸ் தவளைத் தசையில் கண்டார், 1970 நோபல் அதற்கு. தசைக்கும் நரம்புக்கும் இடைவெளி 50 நானோமீட்டர்தான், மிதந்து கடக்க நேரமே ஆகாது. சினாப்ஸில் வீணாகும் அரை மில்லிநொடியில் பெரும்பங்கு கால்சியம் நுழைந்து பை திறப்பதற்கே போகிறது.

அக்கரையில், தசையின் மேல், ஒரு ஏற்பியில் (அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் புரதம்) இரண்டு மூலக்கூறு உட்கார்ந்தால் அது திறந்து சோடியத்தை விடும், தசையில் புதிய துடிப்பு பிறக்கும். உடனே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி சுத்தம் செய்கிறது. ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை உடைக்கும். கோலின் திரும்ப முனைக்குள் எடுக்கப்பட்டு மறுபடி பையில் அடைக்கப்படும்.

கட்டுவிரியன் விஷம் முக்கியமாக இக்கரையில், நரம்பு முனையில் வேலை செய்கிறது. அதன் பாஸ்போலிப்பேஸ் (சவ்வின் கொழுப்பை உடைக்கும் நொதி) முனையின் சவ்வையே சிதைக்கிறது, பைகள் காலியாகி, முனை அழிகிறது. நல்லபாம்பின் முக்கிய நச்சு அக்கரையில், ஏற்பியின் மேல் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இமைதான் சரியும். ஆனால் மருத்துவம் வேறு. ஏற்பி மட்டும் அடைபட்டிருந்தால், நியோஸ்டிக்மின் கொடுத்து நொதியை நிறுத்தினால் அசிட்டைல்கோலின் கூடிப் போட்டி போட்டு ஏற்பியைப் பிடிக்கும். நல்லபாம்புக் கடியில் இமை மேலேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். கட்டுவிரியனில் விடுவதற்கே சரக்கு இல்லாதபோது நொதியை நிறுத்தி என்ன பயன்? விஷமுறிவு மருந்து சுற்றும் விஷத்தைக் கட்டும், அழிந்த முனையை மீட்காது. முனை மறுபடி வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள். அதுவரை வெண்டிலேட்டர்தான் உயிர். அந்த நோயாளிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், விரல்கூட அசைக்க முடியாது. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமலும் இருக்கலாம். மூளைச்சாவு என்று தப்பாக நினைத்து யாரும் கைவிட்டுவிடக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடித்தவுடன் ஏன் தளர்வதில்லை? தசைக்கு வேண்டியதைப்போல மூன்று நான்கு மடங்கு சமிக்ஞை சாதாரணமாகவே வருகிறது. ஏற்பிகளில் முக்கால் பங்கு போன பிறகே பலவீனம் வெளியே தெரியும். இமைத் தசையில் இந்த மிச்சம் குறைவு, அதனால் அது முந்திச் சரிகிறது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ இல்லாமலே இருக்கலாம்; விடியுமுன் பால்வெட்டப் போனவரோ தரையில் படுத்தவரோ வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை பாரம் என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் கட்டி 108ஐ அழையுங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

இனி பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகை நொதியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சுத்தம் செய்ய ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் குவியும். இந்தப் பொருளுக்கு உடம்பில் இரண்டு வகை ஏற்பி. ஒன்று மஸ்கரினிக்: உமிழ்நீர்ச் சுரப்பி, கண்மணி, குடல், மூச்சுக்குழாய், இதயத்தில் இருக்கிறது. அது மிகையானால் எச்சில், கண்ணீர், வயிற்றுப்போக்கு, ஊசிமுனைக் கண்மணி, மெதுவான நாடி, நுரையீரலில் சளி நிறைவது. மற்றது நிக்கோட்டினிக்: தசையில். முதலில் துடிதுடிப்பு. பிறகு ஏற்பி மூடாமலே இருப்பதால் தசைச் சவ்வு −70க்கு இறங்காது. மேலே குளச்சல் நண்பர் சொன்ன அடைப்பு விலகாது, சோடியம் கால்வாய் செத்ததுபோல் கிடக்கும். சமிக்ஞை அளவுக்கு மேல் வந்ததாலேயே தசை செயலிழக்கிறது. பாம்பில் செய்தி வரவே இல்லை, இங்கே செய்தி ஓயவே இல்லை. டீச்சர் கேட்ட "எதிரும் புதிரும்" சேரும் இடம் இதுதான்.

அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டும் அடைக்கும். பெரியவருக்கு 1.8 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதவில்லை என்றால் இரட்டிப்பாக்குவது வழக்கம். இலக்கு நெஞ்சில் சளிச் சத்தம் போவது, நாடி 80க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேல். கண்மணி விரிந்ததைப் பார்த்தே நிறுத்துவது இங்கே நடக்கும் பிழை, நெஞ்சு தெளியாமல் நிறுத்தினால் மூச்சு முட்டும். தசைப் பலவீனத்தை அட்ரோபின் தொடாது, அதற்கு மூச்சுத் துணை வேண்டும். நொதியிலிருந்து நஞ்சைப் பிரிக்கப் பிராலிடாக்சிம் உண்டு, ஆனால் நேரம் போகப் போக நஞ்சு நொதியோடு நிலையாக இறுகிவிடும். சில வகையில் நாலு மணி நேரத்திலேயே பாதி நொதி அப்படி இறுகும், சிலவற்றில் ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இந்த இரண்டு ஏற்பியையும் பிள்ளைகளுக்கு நினைவில் நிறுத்த நம் முற்றத்துச் செடிகளே போதும். பாக்கிலுள்ள அரிகோலின் மஸ்கரினிக் ஏற்பியைத் தூண்டும், வாயில் எச்சில் ஊறும். புகையிலையின் நிக்கோட்டின் மற்றதைத் தூண்டும், அந்த ஏற்பியின் பெயரே அதிலிருந்து வந்தது. ஊமத்தையில் அட்ரோபினும் ஸ்கோபாலமினும்: வாய் காயும், கண்மணி விரியும், நாடி ஓடும், புத்தி தடுமாறும். பூச்சிமருந்தின் மஸ்கரினிக் குறிகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஊமத்தைக் குறிகளை எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் நேரெதிராக வரும். ஊமத்தையை மாற்று மருந்தாக யாரும் கொடுத்துவிடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். காயில் எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும்.


திருவட்டார்_வாழை

மருந்தியல் சாறு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாப் பூச்சிமருந்தும் கோலினெஸ்டரேஸைப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து லேபிளின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வரட்டும், டப்பாவைத் தொட வேண்டாம். குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ் ஆர்கனோபாஸ்பேட். கார்போஃபியூரான் குருணை கார்பமேட்: அதே நொதிதான், ஆனால் ஒரு நாளுக்குள் தானே விட்டுவிடும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் சோடியம் கால்வாயை மூட விடாமல் பிடித்து வைக்கும். அது பட்ட முகத்தில் எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் அதனால்தான், உணர்வு நரம்பு காரணமில்லாமல் துடிக்கிறது. இமிடாகுளோபிரிட் பூச்சியின் நிக்கோட்டினிக் ஏற்பியில் நம்முடையதைவிட நன்றாக ஒட்டும். ஒரு கடை அலமாரியிலேயே நரம்புப் பாடம் முழுவதும் இருக்கிறது.

வாயால் போனால்தான் ஆபத்து என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தோல் வழியாக நன்றாக ஏறும், வேர்த்த உடம்பில் இன்னும் வேகமாக. முதுகில் டாங்கி கசிந்து சட்டை நனைந்தால் முதல் வேலை சட்டையைக் கழற்றி, சோப்பும் தண்ணீரும் விட்டுத் தலைமுடி, நகஇடுக்கு வரை கழுவுவது. கழுவுகிறவர் கையுறை போட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, திரவத்தில் கரைப்பான் இருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். மயங்கிக் கிடந்தால் இடதுபக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையோ லேபிளையோ ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோனால் எந்த வகை என்று டாக்டர் தேட வேண்டியதில்லை.


மார்த்தாண்டம்_பௌதிகம்

நாலாவது கேள்வி. 35 பிள்ளைகள் இருப்பது நல்லதாகப் போயிற்று, பதினைந்து பேரை வைத்து இது வராது.

30 பேரை வட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள், எல்லோரும் கண்ணை மூட வேண்டும். முதல் சுற்று: ஒவ்வொருவரும் வலது கையால் முன்னால் இருப்பவரின் தோளைப் பிடிக்க வேண்டும். தோளில் அழுத்தம் உணர்ந்ததும் தான் பிடித்திருக்கும் தோளை அழுத்த வேண்டும். தொடங்குகிறவர் இடது கையில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியபடியே வலது கையால் அழுத்தி, சுற்றி வந்து தன் தோளில் பட்டதும் நிறுத்துவார். இரண்டாவது சுற்றில் தோளுக்குப் பதில் கணுக்கால். அழுத்துகிற கை இரண்டிலும் அதேதான், மூளையிலிருந்து கைக்கு வரும் பாதை மாறுவதில்லை. உணர்வு மூளைக்குப் போகும் தூரம் மட்டும் கணுக்காலிலிருந்து தோள் வரைக்கும் உள்ள நீளம் கூடுகிறது. அதை டேப்பால் அளந்து சராசரி எடுங்கள், இந்த வயதில் சுமார் 1.2 மீட்டர் வரும்.

தொடு உணர்வு இழைகள் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். 50 என்று வைத்தால் ஒருவருக்கு 24 மில்லிநொடி அதிகம், 30 பேருக்கு 0.72 நொடி. தோள் சுற்று மொத்தம் 6, 7 நொடி ஆகும். கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்துவதில் 0.1 முதல் 0.2 நொடி வரை பிசகும், ஆகவே 0.72ஐப் பிரித்துப் பார்க்கலாம். பத்துப் பேர் மட்டும் என்றால் 0.24, அது பிசகுக்குள் போய்விடும். வேகம் = 30 × தூரம் ÷ (கணுக்கால் நேரம் − தோள் நேரம்).

கெடுவது எங்கே என்றால்: முதல் மூன்று நாலு சுற்று பழகுவதற்கே போகும், ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வரும். தோளை முதலில் முடித்துவிட்டுக் கணுக்காலைப் பிறகு செய்தால், பழக்கத்தால் கணுக்கால் வேகமாக வந்து கழித்தால் மைனஸ் வந்துவிடும். ஐந்து சுற்றுப் பழகிய பிறகு தோள், கணுக்கால், கணுக்கால், தோள் என்று மாற்றி மாற்றி எட்டுச் சுற்று எடுங்கள். இன்னொன்று, அழுத்தம் வரும் என்று எதிர்பார்த்து முந்தி அழுத்துகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் இருப்பார்கள். தொடங்கும் நேரத்தைச் சொல்லாமல் விட்டால் அது குறையும். சாக்ஸ் கழற்றியிருக்க வேண்டும்.

ஒருவருக்கு 0.2 நொடிக்கு மேல் ஆகிறதே, நரம்புக்கு 50 மில்லிநொடி கூட வேண்டாமே என்று ஒரு பிள்ளை கேட்கும். மீதி முழுவதும் மூளையின் சினாப்ஸ்களில், "அழுத்து" என்று முடிவெடுப்பதில் போகிறது.


விலங்கியல்_தக்கலை

நாலுக்கும் பதில் கிடைத்தது, நன்றி. கணவாய் நரம்பு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். குளச்சல் சந்தையில் கிடைக்கிற கணவாயில் அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியுமா?


குளச்சல்_உயிரியற்பியல்

முடியும் டீச்சர். ஊசிக்கணவாய் வாங்குங்கள், ஓட்டுக்கணவாயில் இழை இன்னும் மெல்லியது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1939இல் பிளிமத்தில் முதன்முதலாக உள்ளே மின்முனை விட்டு அளந்தது ஊசிக்கணவாயின் பெரிய இனத்தில். அது அரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், நம் கடலில் கிடைப்பது சிறியதாகையால் இழையும் மெலிவாக இருக்கும். கைலென்ஸ் கட்டாயம்.

உறிஞ்சுகுழல் இருக்கும் வயிற்றுப் பக்கமாக உடல் உறையைக் கத்தரிக்கோலால் நடுவில் நீளவாக்கில் வெட்டி இருபுறமும் விரித்துப் பின் குத்துங்கள். மைப்பையை உடைக்காமல் குடலையும் செவுளையும் எடுத்துவிடுங்கள். மை பரவினால் ஒன்றும் தெரியாது. தலைக்கு அருகே, உறையின் உட்சுவரில், நடுவே பேனா போன்ற முதுகுத் தகட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திர வடிவ நரம்பு முடிச்சு. அதிலிருந்து கதிர்போல நரம்புகள் விரியும். வால்பக்கம் ஓடும் நீண்ட நரம்பில்தான் மிகப் பருமனான இழை, கிட்டே இருக்கும் தசைக்குப் போகிறவை மெலிவு. ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்: பருமன் கூடினால் துடிப்பு வேகமாகப் போகும், தூரத்துத் தசையும் கிட்டத்துத் தசையும் ஒரே நேரத்தில் சுருங்கி நீரைப் பீய்ச்சினால்தான் கணவாய் தப்பிக்கும்.

காலையில் கரைக்கு வந்ததை வாங்குங்கள். புதியதில் நரம்பு கண்ணாடிபோல் இருக்கும், பின்னால் கறுப்புத் தாள் வைத்து விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். ஐஸில் உறைந்து கிடந்ததில் தசையும் நரம்பும் ஒரே வெள்ளையாகிப் பிரித்தறிய முடியாது. நனைக்க வேண்டியிருந்தால் குழாய்த் தண்ணீர் விடாதீர்கள், திசு உப்பி மங்கிவிடும். ஒரு பாட்டிலில் கடல்நீரும் கொண்டுபோங்கள்.